அப்பாவுக்கு மூக்கு ஒழுகிய கடை

கொட்டாஞ்சேனை, கொழும்பு,
12.2.1957

அன்புள்ள சண்முகவடிவு அக்காவுக்கு, தங்கை அம்மாக்கண்ணு வணக்கத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் ராக்காயி அத்தை வீட்டில் சுகம். அங்கே நீயும் அம்மாவும் நம் தோட்டத்து லயத்துக் கோழிகளும் சுகமா? அம்மாவும் கேட்கும்படி இதை உரக்கப் படி.

"சப்புன்னு திங்கிற ஊருக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன். கொழும்புச் சோத்துல ஒரு நேரமாவது எனக்கு மூக்கு ஒழுகினாத்தான் அந்த நல்லமுத்துக்குக் குடுப்பேன்" என்று அப்பா லயத்து வாசலில் நின்று சொன்னதும், நீ அடுப்பங்கரையில் புகை என்று சொல்லிக்கொண்டு அழுததும் என் மனதிலேயே இருந்ததால், ரயிலில் வாங்கிய வடைகூட எனக்கு இறங்கவில்லை. முதலில் ஒரு சைவக்கடைக்குப் போனோம், அங்கே சாம்பார் இனித்தது, அப்பா பரிமாறியவரைக் கூப்பிட்டு, "தம்பி, இது சோத்துக்கா, பாயசத்துக்கா?" என்று கேட்க, நான் தலை குனிந்தவள் நிமிரவே இல்லை. அடுத்து சரிபுதீன் நானாவின் புரியாணிக்கடை. நானா சிரித்துக்கொண்டே, "பெரியவரே, பயப்படாமச் சாப்பிடுங்க, ஆஸ்பத்திரி எதிர்லதான் இருக்கு" என்றார். அப்பா இரண்டு தட்டுகளை முடித்துவிட்டு, "இதையே அங்க நோயாளிக்குக் குடுக்கலாமே" என்றார். மூன்றாவது கடையில் காரமான பச்சைக் கொச்சிக்காயை வாங்கி வெள்ளரிப்பிஞ்சு போலக் கடித்தார், பக்கத்தில் இருந்தவர் பயந்து வேறு மேசைக்குப் போய்விட்டார், அப்பாவின் மூக்கோ காய்ந்தே கிடந்தது. "காலையில ரயிலேறிருவேன், பேச்சு முடிஞ்சுது" என்றார்.

அன்று மாலை அச்சகத்து வேலை முடிந்து, உன்னைப் பெண் பார்க்க வந்த அதே நீலச் சட்டையோடு நல்லமுத்து வந்தார், தாம் தினமும் சாப்பிடும் கடைக்கு எங்களை அழைத்துப் போனார். மூவருக்கும் ஒரே கிண்ணத்தில் மீன்குழம்பு வந்தது. எனக்குப் பசியில்லை. அப்பா ஒரு வாய்தான் வைத்தார், காதுவரை சிவந்துவிட்டது. "ஆத்தி! இதுல்லவா குழம்பு!" என்று துண்டால் மூக்கைத் துடைத்தபடி, "வைகாசியில வச்சுக்குவமா, மாப்பிள?" என்று கேட்டார். அப்போதுதான் ஒரு வாய் விழுங்கிய நல்லமுத்துவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "பாசக்காரப் புள்ள! கல்யாணம்னதுமே கலங்கிட்டாரு" என்று அப்பா அவர் முதுகில் தட்டினார்.

அத்தைக்குப் பிரசவம் ஆகும்வரை நான் இங்கே இருப்பேன். கடிதத்தை அப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன். அம்மாவைக் கோயிலில் உனக்காக ஒரு சூடம் ஏற்றச் சொல். மாரியாத்தா உன்னைக் குறையில்லாமல் வைக்கட்டும்.

உன் தங்கை,
அம்மாக்கண்ணு

பின்குறிப்பு: இனி மனதுக்குள் படி, அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. அத்தைக்கென்று அம்மா இடித்துக் கொடுத்த கொச்சிக்காய்த்தூள் அத்தையிடம் போய்ச் சேரவில்லை. இருவரும் கைகழுவப் போன நேரத்தில் பொட்டலம் முழுவதையும் கிண்ணத்தில் கொட்டிவிட்டேன். பாவம், மாப்பிள்ளைக்குக் காரமே ஆகாதாம், அதற்காகவே தேடிப்பிடித்த கடையாம் அது. "அக்காகிட்டச் சொல்லிறாத" என்று மூன்று கோப்பைத் தண்ணீருக்குப் பிறகு கெஞ்சினார். அப்பா உன் சீதனத்தோடு ஒரு மூட்டை கொச்சிக்காய் சேர்த்துத் தரப்போகிறாராம். அதை மட்டும் எப்படியாவது தடுத்துவிடு.