மைனாக்களுக்குப் பிடித்த ஆல்பம்

நமக்குப் பிடித்த பாட்டு வீட்டில் ஒருவருக்கும் பிடிக்காமல் இருக்கும்வரைதான் அதற்கு மரியாதை. கல்லூரிக் காலத்தில் நான் உயிரை வைத்திருந்த டெத் மெட்டல் என்கிற மேல்நாட்டு இசைக்கு எங்கள் வீட்டில் அப்படியொரு மரியாதை. டிரம்ஸ் இடிக்கும், பாடுகிறவன் அடிவயிற்றிலிருந்து உறுமுவான். (வார்த்தை எனக்கும் புரியாது. புரிந்த மாதிரி தலையை ஆட்டுவேன்.)

"ஏலே, அந்தாளுக்கு நெஞ்சுல எதும் அடைச்சிருக்கா? ஒரு வாய் தண்ணி குடுக்கச் சொல்லு" என்பார் அம்மா.

அப்பாதான் அதில் ஒரு பயனைக் கண்டுபிடித்தார். சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். பழம் கறுக்கத் தொடங்கினால் மைனாவும் கிளியும் பந்தலில் குடியேறிவிடும். தகரத்தைத் தட்டி விரட்ட ஆள் வைத்திருந்தோம். ஒருநாள் மோட்டார் ரூமில் நான் சிடியைச் சத்தமாக வைக்க, பந்தலே காலியானது. அதோடு தகரக்காரரை நிறுத்திவிட்டு, பழைய குழாய் ஸ்பீக்கரைக் கல்தூணில் கட்டினார் அப்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அறுப்புக்கு முன்னால் கேரளத்து வியாபாரி பழம் பார்க்க வருவதாக இருந்தது. குலை முழுசாக இருந்தால்தான் விலை. அவரை அழைத்துவரக் கம்பத்துக்குக் கிளம்பிய அப்பா, "ஒரு குருவி அண்டக் கூடாதுலே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அப்படிப் போக, உத்தமபாளையத்திலிருந்து என் சிநேகிதன் அமீர் மொபெட்டில் வந்து சேர்ந்தான். ஊரில் இந்தக் கூத்தைக் கேட்கிற இன்னொரு ஜீவன் அவன்தான். துபாயிலிருந்து அவன் அண்ணன் அனுப்பிய, நாங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்த, எங்கள் அபிமான டெத் மெட்டல் குழுவின் புது ஆல்பம் அவன் கையில். அட்டையில் மண்டையோட்டுக்குப் பதில் ஏரியும் நிலாவும். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"இதப் போட்டா மைனா என்ன, மேகமலை யானையே கேரளாவுக்கு ஓடிரும்" என்று ஸ்பீக்கரை முழுசாகத் திருகினேன்.

பியானோ வந்தது.

"இது சும்மா ஆரம்பம் மாப்ள. இருடா, இப்ப இடிக்கும்" என்றான் அமீர்.

இடிக்கவில்லை. அடுத்த பாட்டில் வயலின். அதற்கடுத்ததில், போன ஆல்பம்வரை ரத்தம் குடித்துக்கொண்டிருந்தவன், ஒரு பெண்ணோடு சேர்ந்து மழையைப் பற்றி இழைந்து இழைந்து பாடினான். அமீர் முகம் செத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

"பழசப் போடுடா" என்றான்.

"பொறு. கடைசிப் பாட்டுல வச்சிருப்பாக."

அந்த நம்பிக்கையில் மோட்டார் ரூமுக்குள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம். வெளியே எட்டிப் பார்க்கவில்லை. சோற்றுத் தூக்குடன் வந்த அம்மா வாசலில் நின்று கேட்டார்.

"இப்பத்தாம்லே மனுசன் மாதிரி பாடுறான். ஒடம்பு சரியாயிருச்சு போல. இன்னொருக்க போடு."

அதைவிடப் பெரிய அடி அதுவரை நான் வாங்கியதில்லை. வியாபாரியோடு அப்பா வந்த ஜீப்பின் சத்தம் கேட்டு வெளியே வந்ததும் அடுத்ததை வாங்கினேன். பந்தல் முழுக்க மைனா. பாதி குலைகளில் வெறும் காம்பு. எங்களைப் பார்த்தும் ஒன்றுகூடப் பறக்கவில்லை. ஒரு மைனா ஸ்பீக்கர் மேலேயே உட்கார்ந்திருந்தது.

வியாபாரி தலையைச் சாய்த்துப் பாட்டைக் கேட்டார். ஒரு குலையைத் தூக்கிப் பார்த்தார்.

"பாட்டு கொள்ளாம். பழம் போரா." (பாட்டு நன்றாக இருக்கிறதாம், பழம் தேறாதாம்.)

அப்பா அடிக்கவில்லை. மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்த தகரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "தட்டுலே." அறுப்பு முடியும்வரை தட்டினேன். அமீரும் பாவம், அவ்வப்போது வந்து தட்டினான். புது ஆல்பத்துக்கு அது எவ்வளவோ தேவலை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உறைப்பு இல்லாத எதற்கும் 'புது ஆல்பம்' என்று பெயர். ஊறுகாய் காரமில்லையா, புது ஆல்பம். முட்டுகிற மாடு அடங்கிவிட்டதா, அதுவும் அதுதான். எனக்குக் கல்யாணமான புதிதில், வண்டிச் சாவியைக் காணோம் என்று வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து எதிரில் நின்றாள்.

"இல்ல... சும்மாதான் கேட்டேன்" என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை. "ஏத்தா, இவனும் புது ஆல்பம் போட்டுட்டான்."

வாசலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "அப்ப மைனா வந்துரும். தகரத்த எடுங்க."