பல் வாத்தியார் வாயைத் திறந்தார்

"இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க சார்," என்றார் பல் டாக்டர்.

போன வருடம் பதித்த செயற்கை முன்பல்லைச் சுற்றி ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம் கசிந்தது.

"சிகரெட் உண்டா?"

"சேச்சே!"

வேறு என்ன சொல்வது? பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், தலையணை அளவு பல் பொம்மையை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் உத்தியோகம். ஊருக்கே அவர் பல் வாத்தியார். போதாததற்கு, முதல் நாளே டாக்டர் எழுந்து நின்று சொல்லியிருந்தார்: "நீங்க எங்க ஸ்கூலுக்கு வந்த அன்னைக்குத்தான் சார், நான் பல் டாக்டராகணும்னு முடிவு பண்ணேன்."

அந்த மரியாதையின் முகத்தில் எப்படிப் புகை விடுவது?

"அப்போ சர்க்கரையா இருக்கும்," என்று ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார் டாக்டர். சர்க்கரை இல்லை.

"தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களோ?"

"ஆமா, ஆமா!" கிடைத்த காரணத்தை வாத்தியார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கடிக்காத பல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது. அதைக் கழுவாமலே மாட்டி மாட்டிப் படுத்ததில் வீக்கம் இன்னும் ஏறியது.

"தினமும் எத்தனை தடவை துலக்குறீங்க?"

"மூணு."

"அதான் விஷயம். தேய்ச்சுத் தேய்ச்சே ஈறைப் புண்ணாக்கிட்டீங்க. கொஞ்சம் குறைச்சுக்கோங்க."

குறைக்க அவரிடம் இருந்ததே ஒன்றுதான். அதுவும் ஞாபகம் வந்தால். டாக்டர் சொல்லைத் தட்டக்கூடாது என்று அதையும் விட்டார்.

அடுத்த முறை படம் எடுத்தபோது பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கியிருந்தது.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல சார். உடம்புதான் ஏத்துக்கல. பல்லை எடுத்துடலாம்."

முன்பல் இல்லாமல் எந்த வகுப்பில் போய் நிற்பது? உத்தியோகமே போய்விடும்.

"ஐயோ, எடுக்காதீங்க! சிகரெட் உண்டு. துலக்குறது நெனப்பு வந்தாத்தான். தூக்கத்துல பல்லைக் கடிக்கிறதே இல்ல. பழைய பல்லு கூட, நான் சொன்ன மாதிரி படியில விழுந்து போகல. ஈறு கெட்டு, தானா ஆடி விழுந்துச்சு!"

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"முதல்லயே சொல்லியிருந்தா எப்பவோ சுத்தம் பண்ணியிருப்பேனே சார். சரி, சிகரெட்டை விடுங்க. காப்பாத்தப் பார்க்கலாம்," என்று உள்ளே போனார்.

முன்மேசையில் டாக்டரின் அக்கா இருந்தாள். வாத்தியார் அவள் எதிரே போய் நின்றார்.

"என் பேச்சைக் கேட்டு டாக்டரான பிள்ளைம்மா. அவர் மனசை உடைச்சுட்டேன்."

"பேச்சைக் கேட்டு இல்ல சார்," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "அன்னைக்கு முதல் பெஞ்சுல உக்காந்து உங்க வாயைப் பார்த்துட்டு வந்தான். 'அக்கா, சொல்லிக்கொடுக்கறவருக்கே இந்தக் கதின்னா, பல் டாக்டருக்கு ஆயுசுக்கும் வேலை இருக்கும்'னான்."