பெருச்சாளி பார்த்த வகை

ஒரு காட்டில் இருந்த ஒரே கணினி அன்று காலை கண் திறக்கவில்லை. இதெல்லாம் பெரிய விஷயமா என்பவர்கள் புள்ளிமான் செவ்வந்தியைக் கேட்க வேண்டும். குளத்தில் யார் எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்ற பட்டியல் அதற்குள்தான் இருந்தது. பட்டியலில் பெயர் இருப்பவரைப் புலி தொடக் கூடாது. திரையில் பட்டியல் தெரியாவிட்டால் யாரையும் தொடலாம். சட்டம் அப்படி. செவ்வந்தி தண்ணீர் குடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று மாலை அவளுடைய முறை.

பழுது பார்க்கப் பெருச்சாளி பொன்னுரங்கம் வந்தார். பத்தொன்பது வருட அனுபவம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவம்.

"பூட் லோடர் போச்சும்மா. கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்புறதே அதுதான். புதுசா போட்டுடலாம். ஆனா இது பழைய பயாஸ் வகையா, புது யூஇஎஃப்ஐ வகையான்னு மொதல்ல கண்டுபிடிக்கணும்."

"நெத்தியிலேயே புது வகைன்னு எழுதியிருக்கே சார்" என்றாள் செவ்வந்தி.

"வெளியில யார் வேணா என்ன வேணா எழுதிக்கலாம். நாங்க உள்ள போய்ப் பார்த்துதான் எழுதுவோம்."

புது வகைக் கணினியில் முன்வாசல் வழியாக நுழைந்தால் 'ஈஎஃப்ஐ' என்று ஓர் அறை தெரியும். பின்வாசல் வழியாகப் போனால் தெரியாது. பொன்னுரங்கமோ பிறந்ததிலிருந்து எதிலும் பின்பக்கமாகவே நுழைந்து பழகியவர். அதனால்தான் உலகத்தில் புது வகையே கிடையாது என்று அடித்துச் சொல்வார். இன்றும் அப்படியே நுழைந்தார், தேடினார், வெளியே வந்தார்.

"அறை இல்ல. பழைய வகை." முத்திரை குத்திவிட்டுப் பழைய வகை பூட் லோடரைப் பதித்தார். கணினி எழவில்லை.

"நான் பதிச்சது சரி. கம்ப்யூட்டர்தான் ஒத்துழைக்கல" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் புலி வந்தது. கறுத்த திரையைப் பார்த்து நாக்கைச் சுழற்றிக்கொண்டது. ஓடினால் பிடித்துவிடும். செவ்வந்தி பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"சார், இவர் என்ன வகைன்னு இதுவரைக்கும் யாருமே எழுதிக் குடுக்கல. கொஞ்சம் பார்த்துடுங்களேன்."

வேலை என்றால் பொன்னுரங்கத்துக்கு உயிர். புதுப் படிவம் எடுத்தார். புலிக்குப் பின்னால் போய் வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"பல் இல்ல. மாடு."

"யோவ், நான் புலி" என்றது புலி. "உடம்புல கோடு தெரியல?"

"வெளியில யார் வேணா கோடு போட்டுக்கலாம்." முத்திரை விழுந்தது.

சட்டத்துக்குக் கட்டுப்பட்ட காடு அது. மாடு மானைத் தின்னக் கூடாது. புலி படிவத்தை வாங்கிப் பார்த்தது. "இதை மாத்தணும்னா எங்க போகணும் சார்?"

"கம்ப்யூட்டர்ல விண்ணப்பிக்கணும்."

செவ்வந்தி குளத்தில் இறங்கி வயிறு முட்டக் குடித்தாள். அடுத்த வாரம் பக்கத்துக் காட்டிலிருந்து, முன்வாசல் வழியாக நுழையத் தெரிந்த கீரி ஒன்று கணினியைச் சரிசெய்யக் கிளம்பி வந்தது. மான்கள் திரண்டு போய் அதை எல்லையிலேயே மடக்கி, டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவைத்தன.

நீதி: வேலை தெரியாதவரைத் திருத்தாதீர்கள்; உங்கள் எதிரியைப் பரிசோதிக்க அனுப்புங்கள்.