பன்னிரண்டு புகைக்கண்

புதுச்சேரியில் மில் சங்கு ஊதினால் ஊரே கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட காலம் அது. பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் ஏறி நாலு வருஷம் ஆகியிருந்தது. ‘ஐயா’வுக்கு அவர்கள் சொல்லும் ‘முசே’ மட்டும் கப்பல் ஏறவில்லை. மில்லில் மேலாளர் தேவதாஸை எல்லாரும் முசே என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த வருஷம் சித்திரை முதல் தேதி, நாராயணசாமி காமாட்சி விளக்கின் முன் நின்று, இனி பீடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். மனைவி செல்வாம்பாள் கேட்கக்கூட இல்லை. தானாகச் செய்த சத்தியம். அதனால் அது மூன்று நாள் நின்றது.

நாலாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் வேலையிலிருந்தே வந்தது.

மில்லின் பஞ்சுக் குடோனில் கூரை வரைக்கும் பஞ்சுப் பொதி. ஒரு பொறி விழுந்தால் போதும். அதற்காகக் கூரையில் பன்னிரண்டு கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி இருக்கும். உள்ளே புகை போனால் வாசலில் மணி அடிக்கும். பிரெஞ்சில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. யார் நாக்கிலும் அது உட்காரவில்லை. புகைக்கண் என்றார்கள். மாதம் ஒரு முறை அவற்றைக் கழற்றி, மூடியைத் திறந்து, மெல்லிய பிரஷ்ஷால் பஞ்சுத்தூசியைத் தட்டி, துணியால் துடைத்து, முற்றத்துப் பூவரச மரத்தடி மேசையில் ஒரு சோதனை மணியோடு இணைத்துக் கொஞ்சம் புகை காட்டி, மணி அடிக்கிறதா என்று பார்த்து மறுபடி மாட்டுவதுதான் நாராயணசாமியின் உத்தியோகம்.

புகை காட்ட வேண்டும் என்பது உத்தரவு. என்ன புகை என்று உத்தரவில் இல்லை.

“ஏங்க, சட்டையில பீடி நாத்தம் வருதே?” என்றாள் செல்வாம்பாள், துவைக்கும்போது.

“அது பீடி இல்ல. வேலை.”

“வேலை நாறுமா?”

“பன்னெண்டு கண்ணுக்கும் ஊதிக் காட்டணும்டி. ஊதலன்னா குடோன் போச்சு, மில்லு போச்சு, ஊரு சோறே போச்சு.”

“அதுக்கு நீங்க குடிக்கணுமா?”

“யாரு குடிச்சா? புகை உள்ள போவுது, வெளிய வருது. நடுவுல நான் ஒரு வழி. அவ்ளோதான்.”

“மாசத்துக்கு ஒருதரம்னு சொன்னீங்க?”

“இப்ப தெனமும். காத்துல தூசி ஜாஸ்தியாப் போச்சு.”

செல்வாம்பாள் சட்டையைக் கல்லில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அதே மில்லில் நூல் சுற்றும் பகுதியில் நாலு வருஷம் வேலை பார்த்தவள். கல்யாணமானதும், “என் பொண்டாட்டி மில்லுக்குப் போவறதா?” என்று நாராயணசாமி நிறுத்திவிட்டார். மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் மாட்டேன் என்றார். ஆனாலும் காலைச் சங்கு ஊதும்போது அவள் கால் தானாக வாசல் வரை போய்த் திரும்பும்.

வைகாசியில் வந்தது வினை. ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் மணி அலறியது. சோற்று உருண்டையைக் கையில் பிடித்தபடியே ஜனம் வெளியே ஓடியது. பொம்பியே என்ற தீயணைப்பு வண்டி வந்து, தலைக்கவசக்காரர்கள் குழாயை இழுத்துப் பிடித்தார்கள். நெருப்பு இல்லை. வியாழக்கிழமை மறுபடி மணி, மறுபடி வண்டி. சனிக்கிழமை வந்தபோது வண்டிக்காரர் இறங்கவே இல்லை. “இன்னைக்காவது நெருப்பு உண்டா, இல்ல அப்படியே திரும்பவா?” என்று உட்கார்ந்தபடியே கேட்டார்.

முசே தேவதாஸின் முகம் நெருப்பாக இருந்தது. “நாராயணசாமி, திங்கக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லன்னா நீ வரவேணாம்.”

நாராயணசாமி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மீன் குழம்பைத் தொடவில்லை. செல்வாம்பாள் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, “சாப்புடுங்க. பாத்துக்கலாம்,” என்றாள்.

திங்கள் மதியம் பூவரச மரத்தடியில் பன்னிரண்டு கண்ணும் திறந்து கிடந்தன. தேவதாஸ் இடுப்பில் கைவைத்து நின்றார். நாராயணசாமி பிரஷ்ஷோடு பக்கத்தில் நின்றார். அப்போது தூக்குச்சட்டியோடு வந்தாள் செல்வாம்பாள். சட்டியை வைத்துவிட்டு, ஒரு மூடிக்குள் விரல் விட்டுத் தேய்த்தாள். பழுப்பாகப் பிசுக்கு ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள்.

“முசே, இவரு பேர்ல தப்பே இல்ல,” என்றாள். “மில்லுக்கோசரம் சொந்த பீடியப் போட்டு, நெஞ்சக் கெடுத்துக்கினு ஊதியிருக்காரு.”

“பீடியா? மில்லு காம்பவுண்டுலயா?”

நாராயணசாமியின் உயிர் ஊர் எல்லையான கோரிமேடு தாண்டிப் போய் நின்றது.

“புகை காட்டத்தான் முசே. ஆனா பீடிப்புகை பிசுக்கு. பிசுக்குல பஞ்சு ஒட்டிக்கினு கண்ண அடைக்குது, மணி தானா அடிக்குது. எங்க காலத்துல நூல் சுத்தற கதிர்ல பிசுக்கு ஏறினா ஸ்பிரிட்டுல தொடைப்போம். புகைக்கு காஞ்ச பருத்தித் திரி போதும்.”

சொன்னபடியே அவள் துடைத்தாள். திரியைக் காட்டியபோது பன்னிரண்டும் அடித்தன. எடுத்ததும் பன்னிரண்டும் வாயை மூடின.

தேவதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இனிமே புகை காட்டறது இந்தம்மா. இவங்க சரின்னாத்தான் கண்ணு மேல ஏறணும். ஏணியும் பிரஷ்ஷும் உன்னுது. சம்மதமா?”

நாராயணசாமி வாயைத் திறப்பதற்குள் செல்வாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். “இவரு வேணாம்னா நான் வரல முசே. அந்த பீடி விஷயத்த மட்டும் நீங்க ரெண்டு பேருமா பேசித் தீத்துக்குங்க.”

“சம்மதம் முசே!” என்றார் நாராயணசாமி.

மறுநாள் சங்கு ஊதியது. பதினோரு வருஷமாக வாசலோடு திரும்பிய கால் அன்று திரும்பவில்லை. பெரிய மார்க்கெட் கனகாம்பரம் தலையில் ஆட அவள் முன்னால் போனாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் போனார். பிற்காலத்தில் அந்தச் சங்கை நினைக்கும்போதெல்லாம் நாராயணசாமிக்கு அந்தக் கனகாம்பரம்தான் ஞாபகம் வரும்.

வேலை தொடங்குமுன் தேவதாஸ் ஒரு விதி சொன்னார். “இங்க ஏங்க, இந்தாங்க எல்லாம் கூடாது. நெருப்புன்னா யாரக் கூப்புடறோம்னு தெரியணும். பேரு சொல்லித்தான் கூப்புடணும்.”

நாராயணசாமி ஏணி உச்சியில் இருந்தார். கீழே செல்வாம்பாள் ஒரு மூடியைத் திறந்தாள், விரலை விட்டாள், நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத ஒன்று கணீரென்று குடோன் முழுக்கக் கேட்டது.

“நாராயணசாமி! ஏழாம் நம்பர்ல பஞ்சு இருக்குது. எறங்கி வந்து திரும்பத் தொடை!”

“இதோ வந்துட்டேங்க,” என்றார் நாராயணசாமி.