விண்வெளியில் ஒரு நாள் பிரேக்

நெய்வேலி டவுன்ஷிப்பில், நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு குவார்ட்டர்ஸில் அகில இந்திய விண்ணேற்ற வாரியத்தின் மண்டல அலுவலகம் திறக்கப்பட்டது. நெய்வேலியில் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கட்டடம் காலியாக இருந்தது, அலுவலகம் வந்தது, அவ்வளவுதான்.

வாரியத்தில் ஆறு வருடம் பயிற்சி பெற்ற பர்மனென்ட் விண்வெளி வீரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். ராக்கெட் தயாரான வாரம், துணைப் பொது மேலாளர் சிவப்பிரகாசம் பாதுகாப்பு விதிகளை எடுத்துப் படித்தார். தரையிலிருந்து ஆறடிக்கு மேல் ஏறிச் செய்வதெல்லாம் உயரப்பணி. உயரப்பணி ஒப்பந்தத் தொழிலாளிக்கே உரியது. விண்வெளி ஆறடிக்கு மேல்தான் இருக்கிறது என்று ஒரு குழு அமைத்து உறுதி செய்துகொண்டார்கள். வீரர்கள் நால்வரும் மேற்பார்வையாளர்களாக நியமிக்கப்பட்டு, நாற்காலியில் அமர்ந்து அண்ணாந்து பார்க்கும் கடமையை ஏற்றுக்கொண்டார்கள்.

டெண்டர் மந்தாரக்குப்பம் காண்ட்ராக்டர் சடையப்பனுக்குக் கிடைத்தது. அவர் ஆள் தேடி அலையவில்லை. கையிலேயே கனகம் இருந்தாள்.

கனகம் கம்மாபுரத்துக்காரி. பதினோரு வருடமாக சடையப்பனிடம், சுரங்கத்தில் கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளுகிற வேலை. நானூற்றெண்பது நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரைப் பர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சடையப்பன் சட்டத்தை மதிப்பவர். அதனால் நானூற்றெழுபத்தொன்பதாவது நாள் சாயங்காலம் மறக்காமல் வந்து, "நாளைக்கு ஒரு நாளு வூட்டுல ரெஸ்ட் எடும்மா" என்பார். அதற்குப் பெயர் பிரேக். அதற்கு மறுநாள் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். கனகம் இப்படி ஏழு முறை ரெஸ்ட் எடுத்தவள்.

"ராக்கெட்டுல போறியாம்மா?"

"போனா பர்மனென்ட் பண்ணுவாங்களா?"

"போயிட்டு வா, பாப்போம்."

இந்த 'பாப்போம்' அவளுக்குப் புதிதல்ல. ஆனாலும் ஆசை விடவில்லை. சாகிறதுக்குள் ஒரு நாளாவது பர்மனென்ட் ஆகிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும். கணவன் கொளஞ்சிநாதன் பஸ் ஏற்றி விடுவது போல ராக்கெட் ஏற்றி விட்டான். "எறங்கும்போது பர்மனென்ட்டா எறங்கு" என்று வாழ்த்தினான்.

கலத்துக்குள் முகம் பார்த்து வருகை பதிகிற கருவி ஒன்றை மாட்டியிருந்தார்கள். இப்போதெல்லாம் கழிப்பறை இல்லாத அலுவலகம்கூட உண்டு, அந்தக் கருவி இல்லாத அலுவலகம் கிடையாது. ஜன்னலைப் பார்த்தாற்போல் மாட்டிய அது, சூரியன் உதித்ததும் விழித்துக்கொண்டு, "காலை வணக்கம். முகத்தைக் காட்டவும்" என்னும். முகம் காட்டினால் ஒரு நாள் பதிவாகும். கீழே அது நன்றாகத்தான் வேலை செய்தது. மேலே, பூமியை ஒன்றரை மணிக்கு ஒரு தரம் சுற்றுகிற கலத்தில், கடிகாரப்படி ஒரு நாளைக்குப் பதினாறு தரம் பொழுது விடிந்தது. கருவியை நிறுத்தலாமா என்று ஒரு கடிதம் போனது. மந்திரி ரிப்பன் வெட்டித் திறந்ததை நிறுத்த விதியில்லை என்று பதில் வந்தது.

கனகம் முகம் காட்டிக்கொண்டே இருந்தாள். முப்பதாம் நாள் சடையப்பன் மூச்சிரைக்க சிவப்பிரகாசத்தின் அறைக்குள் ஓடி வந்தார்.

"சார், நானூத்தி எழுவத்தொம்போது ஆயிட்டுது! இன்னும் ஒரு தடவ விடிஞ்சா அவ பர்மனென்ட் சார்!"

"அப்ப பிரேக் குடுங்க."

"பிரேக்குன்னா கேட்டுக்கு வெளிய போவணுமே சார்."

"போகட்டும். கதவு இருக்குல்ல?"

மைக்கில் சடையப்பனின் குரல் தேனாக ஒழுகியது. "கனகம், ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு விடியலு வெளிய நின்னுட்டு வந்துடு."

"நான் மெதந்துகினு கெடக்கேன், வெளிய எங்கன்னு நிக்கச் சொல்றீங்க?"

"கயிறு குடுத்துருக்கோம்ல?"

எட்டாவது தடவையாகக் கனகம் வெளியே போனாள். கதவு கீழிருந்து பூட்டப்பட்டது. தொலைக்காட்சிகள் 'விண்ணில் நடந்த கம்மாபுரத்துச் சிங்கம்' என்று அலறின. சிங்கத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த உடுப்புக்குள் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.

"கதவத் தொறங்க சார், காத்து கொறஞ்சிகினே வருது."

"பிரேக் முடிஞ்சு வர்றவங்களுக்குப் புது பாஸ் போடணும்மா" என்றார் சிவப்பிரகாசம். "ரெண்டு போட்டோ, போலீஸ் சர்டிபிகேட், மெடிக்கல். நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா உடனே முடிச்சிடலாம்."

அப்போது பூமியின் விளிம்பில் வெளிச்சம் கோடு கிழித்தது. உள்ளே கருவி விழித்து, ஜன்னல் பக்கம் பார்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கனகத்தின் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"காலை வணக்கம், கனகம். நானூற்றெண்பது."

மந்திரி திறந்த கருவி பொய் சொல்லுமா? கணினி தானாகவே ஆணையை அச்சடித்துத் தள்ளியது. பர்மனென்ட் ஊழியருக்கு பாஸ் தேவையில்லை என்பதால் கதவும் தானாகத் திறந்தது. கனகம் உள்ளே வந்து, நாலு சுவரிலும் முட்டி முட்டிச் சிரித்தாள். பதினோரு வருடத்துச் சிரிப்பு.

சிவப்பிரகாசம் உடனே ஒரு மெமோ அனுப்பினார். பர்மனென்ட் ஊழியர் உயரப்பணி செய்வது விதிமீறல். ஆகவே கனகம் எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது. கலத்தைக் கீழே இறக்க ஓர் ஒப்பந்தத் தொழிலாளி அனுப்பப்படுவார்.

ஒரே ஓர் இடம்தான். வரிசை மந்தாரக்குப்பத்தில் தொடங்கி சேத்தியாத்தோப்பைத் தொட்டது. பி.இ. முடித்தவர்கள் இருந்தார்கள், சிவப்பிரகாசத்தின் சொந்த மகனும் இருந்தான். கதவுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார்கள். "எத்தன நாளு வேணாலும் நிக்கிறோம் சார்" என்று வரிசை ஒரே குரலில் சொன்னது. முதல் நாளே போய்த் துண்டு போட்டிருந்த கொளஞ்சிநாதனுக்கு வேலை கிடைத்தது.

அவன் இன்னொரு ராக்கெட்டில் ஏறி மேலே போய்ச் சேர்ந்தான். "கனகம், வா, வூட்டுக்குப் போவலாம்" என்று கையை நீட்டினான்.

"மொதல்ல கண்ணாடியெல்லாம் தொடச்சி வையி" என்றாள் கனகம்.

கலத்தை இறக்கும் கோப்பு டெல்லியில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதுவரை கொளஞ்சிநாதன் துடைத்தான், பெருக்கினான், விடியும் போதெல்லாம் முகம் காட்டினான். கனகம் ஜன்னலோரம் மிதந்தபடி மேற்பார்வை செய்தாள். முப்பதாம் நாள் அவன் அசந்து தூங்குகிற நேரம் பார்த்து, மைக்கைக் கையில் எடுத்தாள்.

"சடையப்பன் சாருங்களா? இந்த ஆளுக்கு நானூத்தி எழுவத்தொம்போது ஆயிட்டுதுங்க. கணக்கு பாத்துகினு இருக்கீங்களா, இல்லியா? ஒரு பிரேக்கப் போடுங்க. வூட்டுக்கு ஒரு பர்மனென்ட் போதும்."