முழு ஓக் பலகையும் சுன்-இமின் முதுகும்

வொன்ஜு,
ஜனவரி 9

பெருமதிப்பிற்குரிய மச்சான் நாம்குங் தே-சொக் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பியோ கில்-உன் தலை தாழ்த்தி எழுதுவது. இங்கு நானும் சுன்-இமும் நலம். காங்நுங்கில் தங்கள் முழங்காலும், அக்காவின் சளியும், மர ஆலையும் எப்படி இருக்கின்றன என்று அறிய விருப்பம். சந்திரப் புத்தாண்டுக்கு இங்கே வந்து, தாங்கள் நவம்பரில் அனுப்பிய ஓக் பலகைமீது உட்கார்ந்து அரிசிக்கட்டிச் சூப் சாப்பிடப்போவதாகச் சுன்-இமிடம் சொன்னீர்களாம். அதற்கு முன் நடந்ததைத் தெரிவித்துவிடுவது என் கடமை.

எண்ணெய் பூசிய மஞ்சள் தாள் ஒட்டிய எங்கள் பழைய தரையைப் பெயர்த்துவிட்டு மரம் போடலாம் என்று முடிவானதும், நான் முறைப்படி முதலில் போனது மார்க்கெட் பக்கம் தரைக்கடை வைத்திருக்கும் தாக் பொங்-சூவிடம்தான். அவர் ஒரே பேச்சாகச் சொன்னார். "வெந்நீர்க் குழாய் ஓடுற தரைக்கு முழு மரம் ஆகாதுங்க ஐயா. அடுப்பு மேல கம்பளி போத்தின மாதிரி சூடு மேலயே வராது. காஞ்சா சுருங்கும், ஈரம் பட்டா ஊதும். மேல மெல்லிசா ஓக், கீழ ஒட்டுப்பலகை, அதப் போடுங்க." நான் வீட்டுக்கு வந்து தங்களுக்குப் போன் செய்தேன். தாங்கள், "ஒட்டுப்பலகையெல்லாம் மரமா மாப்ள? ஆம்பளன்னா அசல் மரம் போடு" என்றீர்கள். இருபத்தொரு பெட்டிப் பலகைகள் மறுநாளே வந்து இறங்கின. வந்த அன்றே பிரித்து, தரைச் சூட்டை அணைக்காமலே, வீடியோ பார்த்து மூன்று நாளில் நானே அடித்து முடித்தேன். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு காகிதம்கூட நுழையாது. அந்த நெருக்கத்தைப் பற்றி எனக்கு அப்போது பெருமை இருந்தது.

ஒரு வாரம் நன்றாக இருந்தது, அதாவது பார்ப்பதற்கு. சுன்-இமின் முதுகுவலி தாங்கள் அறிந்ததே. மாலையில் ஒரு மணி நேரம் சுடும் தரையில் மல்லாந்து படுத்தால்தான் மறுநாள் அவளால் குனிய முடியும். தங்கள் பலகையில் படுத்தவள் கால்மணி நேரத்தில் எழுந்து, "குளத்து ஐஸ்ல படுத்த மாதிரி இருக்கு" என்றாள். நான் சூட்டை முழுதாக ஏற்றினேன். சூடு மேலே வரவில்லை, பலகைகள்தான் சுருங்கின. இடுக்குகளில் முதலில் பல்குச்சி போயிற்று, பிறகு என் மாத்திரை, பிறகு மூக்குக்கண்ணாடித் திருகு. சுன்-இம் மாலை வேளைகளில் கீழ்வீட்டு பாங் அம்மாவின் தரையில் போய்ப் படுக்க ஆரம்பித்தாள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு சாப்பாடும் அங்கேயே, பிறகு தலையணையையும் எடுத்துப்போனாள். இந்தக் குளிர்காலத்துக்கான எங்கள் வீட்டு கிம்ச்சி ஊறுகாயே கீழ்வீட்டில்தான் ஊறியது. லிஃப்டில் பாங் அம்மாவின் கணவர் என்னைப் பார்த்து அனுதாபமாகத் தலையசைப்பார். அந்தத் தலையசைப்பை நான் எப்படித் தாங்கினேன் என்பதை இங்கே விவரிக்கவில்லை.

ஈரம் பட்டால் மரம் ஊதும் என்றால், ஈரம் காட்டினால் இடுக்கு மூடும் அல்லவா? நானாகவே இந்த முடிவுக்கு வந்து, காற்றில் ஈரம் பரப்பும் மூன்று ஆவிக் கருவிகளை ஓடவிட்டு, நாளுக்கு இரண்டு முறை தாராளமாகத் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். நான்காம் நாள் இடுக்குகள் மூடின. ஆறாம் நாள் காலை படுக்கையறைத் தரை நடுவில் ஒட்டகத் திமில்போல எழும்பியிருந்தது. சுவரோரம் இடமில்லாததால் பலகைகள் போக்கிடமின்றி மேலே கிளம்பிவிட்டன. உள்பக்கம் திறக்கும் கதவு அதில் சிக்கிக்கொண்டது. நான் உள்ளே, போன் வெளியே.

பதினொரு மணிக்குச் சுன்-இம் மிளகாய்த்தூள் எடுக்க வந்தாள். கதவைத் தட்டினேன்.

"என்னங்க, உள்ளயா இருக்கீங்க?"

"கதவு திறக்கல."

"சாப்டீங்களா?"

"இல்ல."

"தரை சுடுதா?"

"இல்ல."

"நாப்பது வருஷமா ரயில்ல ஊரார் டிக்கெட்டயெல்லாம் சரி பாத்தீங்க. ஒரு தடவ அந்தக் கடைக்காரர் பேச்சக் கேட்டா என்ன?"

"உங்க அண்ணன்தான் சொன்னாரு."

"எங்கண்ணன் மரம் விக்கிறவரு. என் முதுகுக்கு டாக்டரா அவரு?"

மன்னிக்கவும் மச்சான், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவள் காலடி வாசல் பக்கம் நகர்ந்தது. அவள் போய்விட்டாளோ என்று பயமாக இருந்தது. "தப்பு என்னுதுதான் சுன்-இம்" என்றேன். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் இந்த வாக்கியத்தை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கடைக்காரர் தாக்குக்குப் போன் போடும் சத்தம் கேட்டது.

தாக் கதவைக் கழற்றி, திமிலைப் பார்த்து, "மலையேற ஜனங்க எவ்வளவு தூரம் போறாங்க. உங்களுக்கு வீட்டுக்குள்ளயே வந்திருச்சு" என்றார். பலகைகளைப் பெயர்த்து, சிமெண்டில் ஒரு கருவியைக் குத்தி ஈரம் பார்த்து, மூன்று வாரம் காயவிட்டார். புதிய பெட்டிகள் மூன்று நாள் எங்கள் அறையிலேயே இருந்து வீட்டின் காற்றுக்குப் பழகின. பிறகு சூட்டை அணைத்து, மெல்லிய ஓக் ஒட்டுப்பலகையைப் பசை பூசி ஒட்டி, சுவரோரம் விரல் கனம் இடம் விட்டார். அதன்பின் நாளுக்கு ஒரு டிகிரியாகச் சூடேற்றினோம். போன வெள்ளிக்கிழமை சுன்-இம் தலையணையோடு மேலே வந்தாள். படுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து, "பரவால்ல" என்றாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் என்னைப் பற்றி இவ்வளவு சொன்னதில்லை.

எனவே, தங்கள் பலகை மிக உயர்ந்த பலகை, இடம்தான் தவறு. தங்கள் மனம் நோகக்கூடாது என்பதால், இந்தப் புத்தாண்டுக்கு மட்டும் தாங்கள் இங்கே வர வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தரை விவகாரம் நிரந்தரமாக முடிந்துவிட்டது.

புத்தாண்டில் தங்கள் இல்லத்தில் ஆரோக்கியமும் நிம்மதியும் நிறையட்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்குப் பணிவுடன்,
பியோ கில்-உன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கக் கீழே இறங்கியபோது லிஃப்டில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கட்டடத்துக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டதால் தரையடிக் குழாய்கள் எல்லாம் துருப்பிடித்துவிட்டனவாம். மார்ச்சில் எல்லா வீட்டுத் தரையையும் உடைக்கிறார்கள், பாங் அம்மா வீடு உட்பட. ஆகவே மார்ச் மாதம் முழுக்க நானும் சுன்-இமும் தங்கள் வீட்டில் இருப்போம். அங்கே தரை சுடுமா என்று சுன்-இமிடம் கேட்டேன். "நல்லா சுடும். அண்ணன் இன்னும் மஞ்சத் தாள்தான போட்டிருக்காரு" என்கிறாள். இதைப் பற்றி எழுத்தில் எதுவும் கேட்பதாக இல்லை, மச்சான். அந்தத் தாள்மேல் உட்கார்ந்தே பேசிக்கொள்ளலாம்.