ஆறு மாளிகை, ஒரு பானை

நலங்கோட்டை என்றொரு நாடு. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அதைத் தேட வேண்டாம். தேடுகிறவர்களை அந்நாட்டுக் காவலர்களுக்குப் பிடிக்காது. அங்கே மன்னராட்சிதான். ஆனாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் தவறாமல் நடக்கும். மன்னர் பெருங்கொடையாரே நிற்பார், மன்னர் பெருங்கொடையாரே ஜெயிப்பார், பட்டாசு வெடிக்கும்.

குடிமக்கள் நலமாக இருக்கிறார்களா என்று ஆராய மன்னர் ஆறு மாளிகைகள் கட்டியிருந்தார். நீர் மாளிகை, தானிய மாளிகை, கல மாளிகை, உடல் மாளிகை, மன மாளிகை, கல்வி மாளிகை. அஞ்சுகம் கல மாளிகையில் ஆய்வாளர். சட்டியோ குடமோ செம்போ, அவள் தட்டிப் பார்த்து முத்திரை குத்திய பிறகுதான் கடைத்தெருவுக்குப் போகும். அவள் கணவன் மாசிலாமணிக்கு உடல் மாளிகையில் வேலை. ஒரே மகள் பூவிழிக்கு ஏழு வயது.

போன தேர்தலின்போது மன்னர் வீட்டுக்கு ஒரு பானை இலவசமாகக் கொடுத்தார். உள்பக்கம் முழுக்கப் பொன்னிறப் பூச்சு, அடியில் சிரித்த முகமாய் மன்னர். கஞ்சியைக் குடித்து முடித்தால் அவர் தரிசனம் கிடைக்கும். நலங்கோட்டைக்காரர்களுக்குப் புளிப்பில்லாமல் ஒருவாய் இறங்காது. சோற்றில் நீரூற்றி மூன்று நாள் புளிக்க வைத்து, மாங்காயைக் கீறிப் போட்டுக் குடிப்பது அவர்கள் வழக்கம். அதைப் பொன்பானையில் புளிக்க வைப்பதைவிட மன்னருக்கு வேறென்ன மரியாதை செய்துவிட முடியும்? எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். அஞ்சுகமும் மாசிலாமணியும் மாளிகைப் பந்தியிலேயே சாப்பிட்டுவிடுவதால், அவர்கள் வீட்டுக் கஞ்சி பூவிழிக்குத்தான். மலைக்கிராமங்களுக்கு மட்டும் வண்டிப்பாதை இல்லாததால் பானை போய்ச் சேரவில்லை.

நாலாண்டு ஓடியது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். பெரியவர்கள் கையில் சாவியை வைத்துக்கொண்டே சாவியைத் தேடினார்கள். ஐந்து வயதில் அத்தனை எழுத்தையும் கடகடவென்று ஒப்பித்த பூவிழி, இப்போது ஆறாவது எழுத்தில் நின்று விழித்தாள். ஒருநாள் பள்ளி விட்டுத் தன் வீட்டு வாசலுக்கு வந்தவள், கதவைத் திறந்த அஞ்சுகத்தைப் பார்த்து, "எங்க வீடு எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

மறுநாளே அஞ்சுகம் கல மாளிகைத் தலைவர் சோமசேகரத்திடம் ஓடினாள். "ஐயா, மன்னர் கொடுத்த பானையை மூணு தடவை சோதிச்சிட்டேன். குறை எதுவும் தெரியல. ஆனா நாம வெறும் பானையைத்தானே சோதிக்கிறோம்? கஞ்சியை ஊத்தி வச்சுச் சோதிச்சா..."

சோமசேகரம் எழுந்து சன்னலைச் சாத்தினார். "அம்மையே, கஞ்சியில் உள்ள சோறு தானிய மாளிகையின் பொருள். நீர், நீர் மாளிகையின் பொருள். அடுத்த மாளிகையின் அதிகாரத்தில் மூக்கை நுழைப்பது ராஜத் துரோகத்துக்கு ஒரு படிதான் குறைவு."

"அப்போ பானைக்குள்ள இருக்கிற கஞ்சியை யார் சோதிக்கிறது?"

"அப்படியொரு பொருள் நமது சட்டத்தில் இல்லை."

அந்த ஆண்டு நல அறிக்கை வெளிவந்தது. நீர் தூய்மை என்றது நீர் மாளிகை. தானியம் முதல்தரம் என்றது தானிய மாளிகை. பானைக்குக் குறையில்லை என்று அஞ்சுகத்தின் கையெழுத்தே சொன்னது. வயிற்று வலி உண்டு, ஆனால் அதன் காரணம் வயிற்றில் இல்லாததால் அது நோயாகாது என்று உடல் மாளிகை தீர்மானித்தது. எல்லாவற்றுக்கும் மகுடம் வைத்தது மன மாளிகைதான்: "குடிமக்கள் தங்கள் கவலைகளை மறந்துவருகிறார்கள். ஆகவே நாட்டில் மகிழ்ச்சி இருமடங்கு பெருகியுள்ளது."

மகிழ்ச்சி பெருகிய நாட்டில் ஆணைகளும் பெருகின. வயிற்று வலி என்ற சொல்லுக்குப் பதில் 'வயிற்று உணர்வு' என்றே வைத்தியர்கள் எழுத வேண்டும். உணர்வுக்கு மருந்து தரக்கூடாது. எழுத்துகளைப் பிள்ளைகள் மறப்பதால் பாடத்தில் இனி ஆறு எழுத்துகள் போதும். கல்வி மாளிகையின் தேர்ச்சி விகிதம் அந்த வருடம் நூற்றுக்கு நூறு. வெவ்வேறு மாளிகைக்காரர்கள் மதியம் ஒரே பந்தியில் உட்காரக் கூடாது. கணவனும் மனைவியும் வெவ்வேறு மாளிகையில் இருந்தால், வீட்டில் விலைவாசியையும் மாமியாரையும் பற்றிப் பேசலாம். வேலையைப் பற்றிப் பேசினால் இருவருக்கும் சிறை.

ஒரு காலைப்பொழுதில் மாசிலாமணி அந்தச் சட்டத்தை மீறினான். பூவிழிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த அஞ்சுகத்தின் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அஞ்சுகம், நான் சொல்றதைக் கேட்டு நீ கத்தக் கூடாது. வயித்து வலின்னு வர்ற பிள்ளைங்க எல்லாமே கீழ்நாட்டுப் பிள்ளைங்க. மலைக்கிராமத்துலேர்ந்து ஒண்ணுகூட வரல. அவங்களும் இதே தண்ணி, இதே அரிசி, இதே புளிச்ச கஞ்சிதான்."

"அவங்களுக்குப் பானை போகலயேங்க," என்றாள் அஞ்சுகம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கஞ்சி முழுவதையும் ஒரு சட்டியில் கவிழ்த்துவிட்டுப் பானையை வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே மன்னர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் மூக்கைக் காணோம். மேலுதட்டிலும் பாதி இல்லை.

"மூக்கு எங்க போச்சு?" என்றான் மாசிலாமணி.

"நம்ம பூவிழி வயித்துக்குள்ள."

பூச்சுகளைச் சோதிக்கும் உப்பு அவள் பெட்டியில் இருந்தது. நச்சுப் பூச்சு கரைந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். சட்டியில் இருந்த கஞ்சியில் ஒரு சிட்டிகை போட்டாள். வெள்ளைக் கஞ்சி அடுப்புக்கரியாகக் கறுத்தது. நாலு வருடமாக அந்தப் பானைக்கு முத்திரை குத்தியது இந்தக் கைதானே என்று அஞ்சுகம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தோட நிறுத்திட்டா புள்ள தேறிடுவாளா?" என்று கணவனைக் கேட்டாள்.

"போனது எவ்வளவு திரும்பும்னு தெரியல. இனிமே போகாது."

பானையைப் போட்டு உடைத்தாள். கறுத்த கஞ்சியை ஒரு செம்பில் ஊற்றி மூடிக்கொண்டு நேரே தலைமை அமைச்சர் அதிவீரரிடம் போனாள். சிறையோ தூக்கோ, சொல்லிவிட வேண்டும். வழக்கமாக மூன்று மாதம் காக்க வைக்கிறவர் அன்று உடனே கூப்பிட்டார். பொறுமையாகக் கேட்டார். செம்புக்குள் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். "வாருங்கள் அம்மையே," என்று உள்ளறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே நீளமான ஒரே மேசை. ஆறு மாளிகைக்காரர்களும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இலையில் ஒருவர் வடையை எடுத்துத் தின்றபடி, ஒருவர் ஏட்டை ஒருவர் வாங்கிப் படித்தபடி, நீரையும் மனதையும் பானையையும் பற்றி வாய்விட்டு வாதாடிக்கொண்டிருந்தார்கள். சன்னலைச் சாத்திய சோமசேகரமும் அங்கே இருந்தார். அஞ்சுகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒருவழியாகச் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்களே! இனிப் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும்.

"ஐயா, உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சா?"

"நாலாண்டாகத் தெரியும்," என்றார் அதிவீரர்.

அவளுக்கு அது முதலில் காதில் ஏறவேயில்லை. அவர் சுவரில் தொங்கிய நாட்டு வரைபடத்தைக் கோலால் தொட்டார்.

"எந்தத் துறையும் தனியே நின்று சமூகத்தை அறிய முடியாது. சேர்த்துப் படித்தால்தான் உண்மை துலங்கும். இதோ பாருங்கள். பொன்பானை உள்ள ஊர்களில், போன தேர்தலில் மன்னர் தந்த வாக்குறுதியை நினைவில் வைத்திருப்போர் நூற்றுக்கு நால்வர். மலைக்கிராமங்களில் தொண்ணூற்றொருவர். அங்கே மட்டும் மன்னருக்கு வாக்குக் குறையப் போகிறது. அதனால்தான் இப்போது மலைக்கு வண்டிப்பாதை போடுகிறோம். கீழ்நாட்டுக்கு வீட்டுக்கு இரண்டாவது பானை. இந்த மேசையில் ஓர் இடம் காலியாக உள்ளது. தாங்களாகவே கண்டுபிடித்த அறிவாளி தாங்கள் ஒருவர்தான்."

"நான் என்ன செய்யணும்?" என்றாள்.

"பூச்சு கரைய மூன்று நாள் ஆகிறது. தேர்தல் நெருங்குகிறது. ஒரே நாளில் கரைய வழியுண்டா என்று தாங்கள் ஆராய வேண்டும். தங்கள் மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மண்சட்டி அனுப்பச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் எல்லாம் மண்சட்டிதான்."

அஞ்சுகம் கையிலிருந்த செம்பை அந்தப் படத்தின் மேல் வீசினாள். கறுப்புக் கஞ்சி ஊர் ஊராக வழிந்து இறங்கியது. யாரும் அவளைத் துரத்தவில்லை. அதிவீரர் ஒரு துணி கொண்டுவரச் சொன்னார், அவ்வளவுதான். ஏன் துரத்தவில்லை என்று அவள் யோசிக்கவில்லை.

அரண்மனை வாசலில் இரண்டாவது பானைக்காக ஊரே வரிசையில் நின்றது. அவள் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "வாங்காதீங்க! பானையில விஷம்! உங்க பிள்ளைங்க வயித்து வலி, உங்க மறதி, எல்லாம் இதனாலதான்! அவங்களுக்கு நாலு வருஷமாத் தெரியும்!"

வரிசை உறைந்து நின்றது. ஒரு பெரியவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு, "ஐயோ, என் புள்ளை என் பேரையே மறந்துட்டானே, பாவிகளா!" என்று அலறினாள். நாலு பேர் கல்லெடுத்தார்கள். கேட்டுவிட்டார்கள், புரிந்துகொண்டுவிட்டார்கள்!

அப்போது வாசலில் பானை கொடுக்கத் தொடங்கும் மணி அடித்தது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பெரியவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். கல்லெடுத்தவர்கள் கையிலிருந்த கல்லைப் பார்த்தார்கள், இது ஏன் இங்கே என்பது போல ஓரமாகப் போட்டார்கள். வரிசை நகர்ந்தது.

அலறியவள் ஈரமான கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, வியர்வை என்று நினைத்துத் துடைத்துக்கொண்டாள். கல்லின் மேல் நின்ற அஞ்சுகத்தைப் பார்த்துப் பரிவோடு சொன்னாள்:

"எந்த ஊரு தாயி நீ? அங்க ஏன் தனியா நிக்கிற? எனக்கு முன்னாடி வந்து நின்னுக்கோ, பானை தீர்ந்துடப் போகுது."